சிவப்பு மையில் அடித்த வரி

பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது, இருந்ததென்ன, அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியது, பதிவாளர் என்று கீழே முத்திரை வேறு... ஆனால் இந்த ஆவண அறையில் பத்தடிக்கு எங்கே போவது? இரண்டு பக்கமும் கூரையைத் தொடும் இரும்பு அடுக்குகள், நடுவில் ஓர் ஆள் நடக்கும் சந்து, முதுகில் சுவர், எதிரே கதவு, கதவுக்கும் அவருக்கும் நடுவில், இடது அடுக்கின் கீழ்த்தட்டை ஒட்டி, ஆறடி தள்ளி அது. நல்ல பாம்புதான், சந்தேகமே இல்லை, பழைய வருகைப் பதிவேட்டை உருவும்போது சீறி எழுந்து படத்தை விரித்துக் காட்டிவிட்டது. கல்லூரிக்கு விடுமுறை, கட்டடத்தில் ஈ காக்கை இல்லை, அடுத்த மாதம் ஓய்வுபெறும் மனிதர் இன்றைக்கு ஏன் வந்தார்? இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று விடைபெறும் மேடையில் சொல்லப் போகிறார், சொல்வதற்கு முன் சரிபார்த்துவிட வேண்டாமா, வாயில் வந்ததைச் சொல்கிற குடும்பமா அது... சட்டைப்பையில் கைபேசி இருந்தது நல்லதாகப் போயிற்று. சுற்றறிக்கையில் கொடுத்திருந்த எண்ணைத்தான் அழுத்தினார், அது யாருடைய எண் என்று அவருக்குத் தெரியாதா என்ன. பாம்பு மீட்பு, சொல்லுங்க, என்றது எட்டு மாதமாகக் கேட்காத குரல். பதிவாளர் பேசறேன், என்றார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்று வந்தது. எங்க இருக்கீங்க சார்? சார்! பெற்ற மகள்! இடத்தைச் சொன்னார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கேன், சைக்கிள்ல சுத்திக்கிட்டு வர இருபது நிமிஷம் ஆகும், அசையாதீங்க, எதையும் எடுத்து அடிக்காதீங்க, அதுமேல இருந்து கண்ணை மட்டும் எடுக்காதீங்க சார், என்று இன்னொரு சாரையும் போட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்... படம் சுருங்கி, தலை தாழ்ந்து, உடம்பு மூன்று வளையமாகப் படிந்துவிட்டது, ஆனால் அந்தக் கண், அதற்கு இமை கிடையாது என்று எங்கோ படித்திருந்தார், படிப்பது வேறு, இமைக்காத ஒன்றின் எதிரே நிற்பது வேறு. பழுப்பு என்று நினைத்தது பழுப்பே இல்லை, ஜன்னல் வெளிச்சம் நகர நகரத் தேனாகிறது, பிறகு செம்பாகிறது, ஒவ்வொரு செதிலையும் யாரோ உட்கார்ந்து தனித்தனியே துடைத்து வைத்ததுபோல... விலாப்பக்கம் மெல்ல விரிகிறது, அடங்குகிறது, அட, இதுவும் பயந்துபோய்த்தான் மூச்சு விடுகிறது. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது, அந்தக் காற்றில் அவருடைய வியர்வை இருக்கும், அவருடைய பயம் இருக்கும், இருபத்தொன்பது வருடமாக இந்த வளாகத்தில் ஒருவருக்கும் மோப்பம் கொடுக்காத பயம். இதை எதிரே வைத்துக்கொண்டா அவள் தினமும்... அவருடைய அப்பா நீதிபதி, தாத்தா தலைமையாசிரியர், வரவேற்பறைச் சுவரில் வரிசையாகப் படங்கள், அந்த வீட்டுப் பெண் விலங்கியலில் முதல் மாணவியாகத் தேறிவிட்டு இதே வளாகத்தில் பாம்பு பிடிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தாள், எல்லா நியமன ஆணையிலும் கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஒன்றை மட்டும் துணைப் பதிவாளரிடம் தள்ளிவிட்டார். ஒரு விருந்தில் சொந்த அக்காவே, நாலு பேர் நடுவில், ஏண்டா தம்பி, பொண்ணுக்கு மகுடியும் வாங்கிக் குடுத்துட்டியா, இல்ல அதுக்கும் பதிவாளர் முத்திரை வேணுமா, என்று கேட்டாள், மாமா மச்சான்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்தார். அன்றைக்கே வாசலில் நிறுத்தி, இந்த வீடு வேணுமா, அந்தப் பாம்புப் பை வேணுமா, என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஊழியர் விடுதி ஏரிக்கு அந்தப் பக்கம், வீட்டு மாடியில் நின்றால் அவள் அறை விளக்கு தெரியும், அவர் பார்ப்பதில்லை, மனைவி போய்ப் பார்ப்பது தெரியாததுபோல இருந்துகொள்வார். அதற்கப்புறம் காகிதம்தான் பேசியது, இந்தச் சுற்றறிக்கையின் வரைவுகூட அப்படி வந்ததுதான், அவள் கையெழுத்து, அவர் காற்புள்ளிகளைத் திருத்தினார், கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தார். ஒரு நொடி பார்வை தவறியிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்... அலுவலகச் சுற்றறிக்கையில் வெட்கத்துக்கு என்ன வேலை?

மாடிப்படியில் காலடிச் சத்தம். அதற்குள்ளா... அப்போதுதான் உறைத்தது, சட்டை முதுகோடு ஒட்டி ஒரு பக்கம் வெளியே தொங்குகிறது, தலை கலைந்திருக்கிறது, கண்ணாடி மூக்கு நுனியில். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறவள் இந்தக் கோலத்திலா பார்ப்பது? குனிந்து சட்டையைச் செருகினார், இடுப்பு வாரை இழுத்துவிட்டார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், பத்து எண்ணுவதற்குள்... நிமிர்ந்தால் தரை காலி. கதவு திறந்தது. முழங்கால் வரை ரப்பர் காலணி, கையில் கொக்கிக் கம்பி, தோளில் பை, பையின் வாயில் செருகிய அகலக் குழாய், மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், பார்வை மட்டும் அவருடைய அப்பாவின் பார்வை. கண்ணை எடுத்தீங்களா சார்? இல்ல, என்றார். என்ன வேகமாக வந்தது அந்தச் சொல்! அதோடாவது நின்றாரா, அந்தக் கீழ்த்தட்டுல, சிவப்புத் துணிக் கட்டுக்குப் பின்னால போச்சு, பார்த்துட்டேதான் இருக்கேன், என்றார், வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க வந்த மனிதர்... அவள் அந்தத் தட்டுக்கே நேராகப் போனாள். மண்டியிட்டாள், சிவப்புக் கட்டின் பக்கம் டார்ச்சை அடித்தாள், சாய்ந்து பார்க்க வசதியாக இடது கையைப் பக்கத்துத் தட்டின் விளிம்பில் ஊன்றினாள், உறை போடாத கை, மணிக்கட்டில் பள்ளி முடித்தபோது அவர் வாங்கிக் கொடுத்த கடிகாரம், இன்னுமா கட்டியிருக்கிறாள்... எங்கே போயிற்று என்று பார்க்காத பாம்பு எந்தத் தட்டிலும் இருக்கலாம், அந்தத் தட்டிலும் இருக்கலாம். சொன்னால் இத்தனை வருட மானமும் இவள் காலடியில் விழும், சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால்? கையை எடும்மா! குரல் அவருடையது மாதிரியே இல்லை. நான் பார்க்கல, சட்டையச் செருகிட்டிருந்தேன், எங்க போச்சுன்னு தெரியாது! அவள் துள்ளவில்லை, கத்தவில்லை, தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல அலுங்காமல் கையை எடுத்தாள், வெளிச்சத்தை அந்தத் தட்டுக்குத் திருப்பினாள். கை இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே, இமையில்லாத அந்தக் கண்.

பிறகு நடந்ததை அவரால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடியாது. கொக்கி அதன் நடு உடம்புக்கு அடியில் நுழைந்தது, தூக்கவில்லை, ஏந்தியது, வால் அவள் விரல்களுக்குள் எப்போது வந்தது? தரைக்கு வந்ததும் அது ஆளுயரக் கோபத்தோடு படம் விரித்துத் திரும்பியது, அவள் அது அசைவதற்கு ஒரு நொடி முன்பே அசைந்துவிட்டிருந்தாள், அது இடது போனால் இவள் வலது, அவசரமே இல்லை, கழுத்தைப் பிடித்து நெரிப்பார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்... குழாயின் வாயை அதன் முன்னே வைத்து, அவ்ளோதான், அவ்ளோதான், உள்ள இருட்டா இருக்கும், போடா கண்ணா, என்றாள், அதுவும் பொந்து கிடைத்ததென்று வளைவு வளைவாக உள்ளே போயிற்று, கடைசியில் வால் நுனியும். நீதிமன்றத்தில் அப்பா தீர்ப்பு வாசிக்க ஆரம்பித்தால் கூடம் முழுவதும் மூச்சை அடக்கும், சிறுவயதில் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார், அதற்குப் பிறகு அப்படி ஓர் அமைதி இன்றைக்குத்தான்.

தகவல் சொன்னவர் விடுவிப்பதையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், விதி. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள், அவர் ஓரடி பின்னால், கைப்பிடியில் பை அசையாமல் தொங்கியது. ஏரிக்கரைப் புதரிலேயே நின்றுவிட்டாள். இவ்ளோ பக்கத்துலயா விடற, திரும்பி வந்துடாதா? பழகின இடத்தை விட்டு ரொம்ப தூரம் கொண்டு போனா அதுக்குப் பொழைக்கத் தெரியாதுப்பா, என்றாள் முடிச்சை அவிழ்த்தபடி, அப்பா என்று சொன்னது அவளுக்கே தெரிந்ததா? பையைக் கவிழ்த்து விலகி நின்றாள். அது வெளியே வந்தது, ஒரு தடவை தலை தூக்கி நாக்கால் இருவரையும் தொட்டுப் பார்த்தது, புல்லுக்குள் நுழைந்தது, இவ்வளவு நீள உயிர் போகிறது, ஒரு புல்லும் ஆடவில்லை... இந்தத் தடவை அவர் கண்ணை எடுக்கவே இல்லை, அது போன பிறகும்.

குறிப்பேட்டை நீட்டினாள். நாள், இடம், பார்த்தவர், பார்வை தவறியதா. பதிவாளர், ஆம், என்று எழுதியிருந்தாள். அதற்கு மேலே நூலகர் இல்லை, காவலாளி இல்லை, விடுதிக் காப்பாளர் இல்லை, இயற்பியல் பேராசிரியர் இல்லை, பக்கத்தைப் புரட்டினார், இல்லை, இல்லை, இல்லை... என்னம்மா இது, ஒருத்தர்கூடவா? எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்கப்பா, வெட்கம், என்று சிரித்தாள், அதனால யார் என்ன சொன்னாலும் நான் நம்பறதில்ல, எல்லாத் தட்டையும் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன், இன்னைக்குத்தான்... என்றவள் முடிக்காமல் பையை மடிக்க ஆரம்பித்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்குத்தான் என்ன? இன்றைக்கு மட்டும் ஏன் பார்க்காமல் கை வைத்தாள்? ... அவள் மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருந்தது.