சுருட்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்த விதம்

ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று மருந்துக்கும் இல்லை. சுருட்டுப் பட்டறையின் நீண்ட கூடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், அங்கே சுருட்டுச் சுற்றி வந்த பெரியக்காவின் மடியிலிருந்த சுற்றுப் பலகை பிடுங்கி எறியப்பட்டது. எறிந்தவர் முதலாளியின் மகளை மணந்து, மாமனார் வீட்டிலேயே தங்கி, பட்டறையை மேற்பார்த்து வந்தவர். ஆதலால் கூடத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்பதே பெயர்.

"கடைக்காரன் கட்டுக் கட்டா திருப்பி அனுப்புறான். உள்ள பூரா கூட்டி அள்ளுன குப்பை! உன் கைவேலைதானே?"

"நீங்க குடுத்த தூளைத்தான் நான் சுருட்டினேன். நல்ல இலைய யாரு சுருட்டினதுன்னு உங்களுக்கே தெரியும் மாப்பிள்ளை."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டனர். அச்சிரிப்பே வினையாயிற்று. பெரியக்கா அன்றே வெளியேற்றப்பட்டாள். அத்துடன் விட்டாரா? ஒவ்வொரு பட்டறைக்கும் ஆளனுப்பி, "அவ குப்பைக்காரி, சேர்த்துக்காதீங்க" என்று சொல்லிவைத்தார். அவள் ஏறிய படிகளில் எல்லாம் கதவு முகத்திலடித்தாற்போல் சாத்தப்பட்டது.

பெரியக்கா அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். "என் பேரைக் கெடுத்தான்ல? அவன் பேரு தெருத்தெருவா நாறணும்டி" என்று தன் தங்கையிடம் சொன்னாள்.

பட்டறை வாசலுக்கு நேரெதிரே பெரியக்காவின் பெட்டிக்கடை முளைத்தது. அதே பட்டறையின் மலிவுச் சுருட்டை வேறொரு வியாபாரி மூலம் வாங்கி, கண்ணாடிச் சாடியில் நிரப்பி வைத்தாள். முதலில் வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர்.

"இது என்ன சுருட்டுக்கா, இவ்ளோ மலிவு?"

"இதுக்குப் பேரு மாப்பிள்ளை."

"அதென்ன பேரு?"

"மேல பாரு, சலவைச் சட்டை போட்ட மாதிரி மினுக்கும். உள்ள வெறும் குப்பை. பத்த வச்சா நல்லாப் புகையும். ஒரு வேலைக்கும் ஆகாது. மாமனார் வீட்டை விட்டா போக்கிடமும் கிடையாது."

ஓட்டுநர் விக்கலெடுக்கும் வரை சிரித்தார். லாரி போன ஊரெல்லாம் அந்தச் சொல்லும் போயிற்று. "ரெண்டு மாப்பிள்ளை குடு", "மழையில மாப்பிள்ளை நமுத்துப்போச்சுப்பா" என்று கடைதோறும் கேட்டது. பெண்ணைப் பெற்றவர்கள், "நல்ல மாப்பிள்ளை இருக்கா?" என்று நாலு பேர் நடுவில் விசாரிக்கவே கூசினர்.

ஒரு நாள் மாப்பிள்ளையே கடைக்கு வந்தார். தலை நிமிரவில்லை.

"அக்கா, வெளிய தலைகாட்ட முடியல. என் பொண்டாட்டியே என்னைப் பார்த்தா மூக்கைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. அந்தப் பேரை மட்டும் விட்டுடுங்க. நாளைக்கே வேலைக்கு வாங்க."

"வேலை கிடக்கட்டும். குப்பையக் கலந்தது நான்தான்னு கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இப்பவே விட்டுடுறேன்."

அவர் முகத்தைத் துடைத்தபடி பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் முதலாளி, அச்சு மை உலராத தாளொன்றை ஆட்டியபடி தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

"இங்கயா இருக்கீங்க மாப்பிள்ளை! ஊர் பூரா இந்தப் பேரைச் சொல்லித்தான் சரக்கு கேக்குறான். அதான் லேபிளே அடிச்சிட்டேன். உங்க படத்தையும் போட்டுடலாமான்னு அச்சகத்துக்காரர் கேக்குறார்."

மாப்பிள்ளை பெரியக்காவைக் கெஞ்சும் கண்ணால் பார்த்தார். அவள் சற்றுப் பொறுத்தாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

"போடுங்க மொதலாளி" என்றாள் பெரியக்கா. "நல்லா சிரிச்ச முகமாப் பார்த்துப் போடுங்க."

சுருட்டுக்கு அப்பெயர் நிலைத்தபோது மணி பிற்பகல் மூன்று நாற்பது.