ஒரு முட்டைக்கு இருபத்திரண்டு நிமிடம்

எனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று நாகல் நகரில் எங்கள் தெருவே நம்பியது. இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் என் கணவர் மிக்கேல்ராஜும். அதை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தவரும் அவர்தான்.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பு என் பொறுப்பு. ஆய்வுக்கூடம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, நாற்பத்திரண்டு படிகள். 2008 மார்ச்சில் என் எடை நூற்றுப் பதினாறு கிலோ. மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி மேலே போய்ச் சேர்வதற்குள் கால்வாசி வகுப்பு முடிந்துவிடும். அதனால் இரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். குடுவை வரும், சோதனைக் குழாய் வரும், லிட்மஸ் தாள் வரும். நுண்ணோக்கியை வாளியில் போட முடியாது. வெங்காயத் தோலின் செல்லைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து, "இப்படித்தான் இருக்கும், நம்புங்க" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். பட்டினி, நடை, கொள்ளுக் கஞ்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து கிலோ போகும். பன்னிரண்டு கிலோ திரும்பி வரும்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பை ஒரு பை. அதை நீளவாக்கில் ஒரு கருவியால் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல அடித்து மூடி, வெளிப்பக்கத்து முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் ஊறுகிறது என்பதால் பசியும் அடங்கும். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் சோறு, இட்லி, சர்க்கரை எதுவும் கூடாது. மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி மட்டும். ஏன் என்று கேட்டேன். கல்லீரல் இரைப்பையின் மேல் மூடி மாதிரி படிந்திருக்கிறது, கொழுப்பேறிய கல்லீரலைத் தூக்கினால் கிழிந்துவிடும், இரண்டு வாரப் பத்தியத்தில் அது சேமித்து வைத்த மாவுச்சத்தையும் நீரையும் செலவழித்துச் சுருங்கிக் கொடுக்கும் என்றார். காரணம் தெரிந்த பிறகு பத்தியம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

கஷ்டப்பட்டவர் மிக்கேல்ராஜ். செம்பட்டி சாலையில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். தினம் நூறு பேரைப் பார்க்கிறவர். ஏப்ரலில் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோசலினு, ஒன்னையப் பத்தி எனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் போட வந்தவனுக்கே ரெகுலேட்டர் எப்பிடி வேல செய்யுதுன்னு பாடம் எடுத்தவ நீ. இத மட்டும் யாருகிட்டயும் மூச்சு விடாத. சோத்தக் கொறைக்கத் தெரியாம வயித்தக் கொறச்சுட்டு வந்துட்டான்னு ஊரே சிரிக்கும்."

"கேட்டா என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. மாதா மேல சத்தியம்."

அவர் சொன்னது இது: வயிற்றில் ஒரு சின்னக் கட்டி, எடுத்தாச்சு. குடலிறக்கம் என்று சொல்லியிருக்கலாம். அது ஆண்களுக்குத்தான் வரும் என்று அவருக்கு ஒரு எண்ணம். பித்தப்பைக் கல் என்று சொல்லியிருக்கலாம். அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லையாம். கட்டி என்றார். கோயம்புத்தூர் என்றார். மேற்கொண்டு கேட்டவர்களிடம், "அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று பேச்சை மாற்றினார். இதைவிடத் திறமையாக ஒருவர் தன் மனைவிக்குப் புற்றுநோய் வாங்கித் தர முடியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். முதல் வாரம் நான் தெளிந்த நீரை மருந்து மூடியில் ஊற்றி மிடறு மிடறாகக் குடித்தேன். அடுத்த வாரம் மோரும் சூப்பும். அதற்கடுத்து மசித்த பருப்பு. இனிப்பு கூடாது. சர்க்கரை அந்தக் குழாயில் தங்காமல் வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் வியர்த்து, படபடத்து, தலை சுற்றும். இதைச் சொல்ல முடியாமல், "வச்சுட்டுப் போங்க" என்பேன். முப்பத்தொரு பாட்டில் சேர்ந்தது. அத்தனையையும் குடித்து முடித்தவர் மிக்கேல்ராஜ். நான் இருபது கிலோ குறைவதற்குள் அவர் நாலு கிலோ ஏறியிருந்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. படியில் ஒரே ஒரு இடத்தில் நின்றேன். ஆகஸ்டில் எங்கும் நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் ஆய்வுக்கூடத்தில் வரிசையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெங்காயத் தோலைப் பார்த்தார்கள். "மிஸ், செங்கல் சுவரு மாதிரி இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். அந்தக் கத்தலுக்காகத்தான் நான் என் இரைப்பையைக் கொடுத்திருந்தேன்.

அதே மாதம் முடி கொட்டத் தொடங்கியது. இதிலும் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் கொஞ்சம் முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. மூன்று மாதம் தொற்றிக்கொண்டிருந்துவிட்டு மொத்தமாக விழும். பிறகு அதே வேரில் புதிதாக முளைக்கும். ஏப்ரலில் போன முடி ஆகஸ்டில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் கட்டி, கோயம்புத்தூர், முப்பது கிலோ இளைப்பு, இப்போது முடி என்று வெளியிலிருந்து கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு விடைதான் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கொடுத்த விவரத்துக்குச் சரியான விடை அதுதான்.

செப்டம்பரில் அந்த விடைக்கு நானே முத்திரை குத்தினேன். என் புதிய இரைப்பைக்குச் சில விதிகள் உண்டு. சின்ன வாய், இருபத்தைந்து மெல்லல், விழுங்கியபின் ஒரு நிமிடம் நிறுத்தம், சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. அவசரப்பட்டால் குழாயின் வாயில் அடைத்துக்கொள்ளும். வாய் நிறைய நுரையாக எச்சில் ஊறும். அது கீழே இறங்காது, துப்பித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் இடைவேளையில் பாதி இட்லி மீதி இருக்கும்போது மணி அடித்துவிட்டது. பதற்றத்தில் விழுங்கினேன். கை கழுவும் தொட்டிக்கு ஓடி நுரை நுரையாகத் துப்பிவிட்டு நிமிர்ந்தால், தலைமையாசிரியை சிஸ்டர் ஏஞ்சலின் துண்டோடு நிற்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க மடத்துலயும் ஒரு சிஸ்டருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

அடுத்த ஞாயிறு கோவிலில் பூசைக் கருத்துகளை, அதாவது அன்றைய பூசை யார் யாருக்காக என்பதை, வாசித்தார்கள். இறந்தவர்களுக்கு இரண்டு, நன்றிக்கு ஒன்று. பிறகு, "கொடிய நோயால் அவதிப்படும் ரோசலின் மிக்கேல்ராஜ் பூரண நலம் பெற, செம்பட்டி மரியசெல்வி குடும்பத்தார்." கோவிலே திரும்பிப் பார்த்தது. மிக்கேல்ராஜ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மரியசெல்வி அவருடைய தங்கை. வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன்.

"எதுக்கு மரியசெல்வி இதெல்லாம்?"

"ஒம்பது வாரத்துக்குக் குடுத்துருக்கேன் மதினி. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. முடி போனா என்ன, உசுருதான முக்கியம்?"

மறுநாள் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் பத்தாம் வகுப்பைப் புது டீச்சரிடம் கொடுத்துவிடலாம், நான் ஆறாம் வகுப்பையும் நூலகத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "லைப்ரரி கீழேயே இருக்கு. நீங்க படியேற வேண்டாம்."

படியேறத்தானே இத்தனையும்! வீட்டுக்கு ஓடி ஆஸ்பத்திரிச் சான்றிதழை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம், காகிதம் பேசட்டும். சிஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அறுவையின் பெயரில் 'காஸ்ட்ரெக்டமி' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. இரைப்பையை எடுத்தல் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். எதற்காக எடுத்தார்கள் என்பது அதில் இல்லை. மடத்து சிஸ்டரின் காகிதத்திலும் அதுதான் இருந்ததாம்.

"சிஸ்டர், இது வேற."

"அவங்களும் கடைசிவரைக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்று என் கையைத் தடவிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நோயாளி வலியில் கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"இப்பப் போயிச் சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்ல?" என்றார் மிக்கேல்ராஜ்.

"பொய்தான சொன்னீங்க?"

"கொஞ்ச நாளு பொறு. முடி மொளச்சா எல்லாம் சரியாப் போயிரும்."

"மொளைக்கிறதுக்குள்ள என் பத்தாம் வகுப்பு போயிரும்."

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குத் துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலாண்டு விடைத்தாள் கட்டு, ஒரு ஸ்டேப்ளர். கதவு தட்டும் சத்தம். பங்குத்தந்தை அருள்நாதன் கையில் சின்ன எண்ணெய்ச் சிமிழோடு நின்றார். அவருக்குப் பின்னால் மெழுகுவர்த்தியும் பாடுபட்ட சுரூபச் சிலுவையுமாக மரியசெல்வி, சிஸ்டர் ஏஞ்சலின், எதிர்வீட்டுச் சோலையம்மாள். நோயில் பூசுதல் என்று எங்களிடம் ஒரு அருட்சாதனம் உண்டு. கடும் நோயில் இருப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது.

"பயப்படாதீங்க ரோசலின். சாகப்போறவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நெனச்சது அந்தக் காலம்" என்றார் ஃபாதர்.

நான் மிக்கேல்ராஜைப் பார்த்தேன். அவர் சோபாவுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நோயே இல்லாதவங்களுக்கு இத பூசலாமா?"

"கூடாது. ஏன்?"

"அப்ப எல்லாரும் உக்காருங்க."

மாதா என்னை மன்னிப்பாள். ஒரு தலையணை உறையை எடுத்து விரித்தேன். இதுதான் இரைப்பை, மேலே வாய், கீழே குடல். நீளவாக்கில் ஓரமாக நாலு விரல் அகலம் விட்டு, மேலிருந்து கீழ்வரை ஸ்டேப்ளரால் டக் டக்கென்று அடித்தேன். உண்மையில் பல வரிசையாக அடிப்பார்கள், கசியாமல் இருக்க, அதையும் சொன்னேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அடித்த கோட்டுக்கு வெளியே இருந்த பெரிய பகுதியை வெட்டினேன்.

"ஐயோ மதினி, நல்ல உறையப் போயி வெட்டுறீங்களே!" என்று பதறினாள் மரியசெல்வி.

சிஸ்டர்தான் முதலில் பேசினார். "அப்ப, நல்ல வயித்தையா வெட்டினாங்க?"

"ஆமா சிஸ்டர்."

எல்லோரும் மகிழ்வார்கள் என்று நான் எதிர்பார்த்தது என் தவறு.

"அடிப்பாவி! ஒரு மாசமா ஒனக்காக அழுதுருக்கேன் தாயி. கொழுப்பு எறக்கவா கோயம்புத்தூரு போன?" என்றார் சோலையம்மாள்.

மரியசெல்வி அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, கட்டின்னு சொன்னியே?"

"ஏதோ ஒண்ணு எடுத்தாங்கள்ல?" என்றார் மிக்கேல்ராஜ்.

சிஸ்டர் மட்டும் கோபப்படவில்லை. நம்பவும் இல்லை. "விளக்கம் நல்லா இருக்கு ரோசலின். நீங்க எதையும் நல்லா விளக்குவீங்க. ஆனா அன்னிக்கு நான் கண்ணால பாத்தேனே? பரீட்சை வர்ற வருஷம். நடுவுல நீங்க படுத்துட்டா அந்தப் பிள்ளைங்க கதி என்ன?" நியாயமான கேள்வி. "எனக்குச் சாப்பிட்டுக் காட்டுங்க" என்றார் சிஸ்டர்.

ஒரு அவித்த முட்டை வந்தது. அதை எட்டுத் துண்டாக்கினேன். முதல் துண்டை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து பேர் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டால் நுரை, நுரை வந்தால் பத்தாம் வகுப்பு போய்விடும்.

"தண்ணியக் குடி தாயி, விக்கிக்கப் போகுது" என்று சோலையம்மாள் டம்ளரை நீட்டினார். நான் தலையாட்டினேன். மெல்லும்போது பேச முடியாது.

"தண்ணி குடிக்கக் கூடாதுக்கா" என்றது ஒரு குரல். மிக்கேல்ராஜ்! "அரை மணி நேரம் கழிச்சுத்தான். தண்ணி ஊத்துனா சாப்பாட்ட அடிச்சுக் கீழ தள்ளிரும். சீக்கிரமே பசிச்சிரும்."

"அப்பிடியா?" என்றார் ஃபாதர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"பின்ன? முடி கொட்டுதே, அது ஏப்ரல்ல செத்த முடி ஃபாதர். இப்பத்தான் விழுது." செத்த முடி இல்லை, ஓய்வெடுக்கும் முடி! நான் விரலை ஆட்டினேன். அவர் கவனிக்கவில்லை, சூடு பிடித்துவிட்டது. "முக்கால் கிலோ வயித்த எடுத்துட்டாங்கன்னா பாத்துக்கங்களேன்."

ஆறு மாதம் என் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, நான் பேச முடியாத நேரம் பார்த்து, என் பாடத்தை இவர் தப்பும் தவறுமாக நடத்துகிறார். ஐந்தாவது துண்டில் இருந்தேன். அதட்ட வேண்டும் என்று வந்த வேகத்தில் பாதி மென்றதையே விழுங்கப் போனேன். கண்ணை மூடி எண்ணினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. விழுங்கினேன். இறங்கியது.

"ஒத்த முட்டைக்கு இம்புட்டு நேரமா? இதுக்கு நோயே தேவலபோல" என்று முணுமுணுத்தாள் மரியசெல்வி.

எட்டாவது துண்டும் இறங்கியது. நுரை வரவில்லை. சிஸ்டர் எழுந்து வந்து என் முகத்தை அருகில் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தை.

"இருபத்திரண்டு நிமிஷம். இன்டர்வெல் பத்து நிமிஷம்தான். அதான் அன்னிக்கு அப்படி ஆச்சா?"

தலையாட்டினேன். அவர் கைப்பையிலிருந்து கால அட்டவணையை எடுத்து என் விடைத்தாள் கட்டின் மேல் விரித்தார். "மூணாவது பீரியட் எட்டாம் வகுப்பை உங்ககிட்டேருந்து எடுத்துடுறேன். அந்த நேரத்துல உக்காந்து சாப்பிடுங்க. பத்தாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்." பேனாவால் ஒரு கட்டத்தை அடித்தார். "ஆனா தெனமும் நான் வந்து பாப்பேன்."

தினமுமா என்று அலுப்பாக இருந்தது. ஆனாலும் விதிப்படி ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.

"முக்கால் கிலோ இல்ல ஃபாதர். முக்கால் பங்கு."