புளி போட்ட பிரேமன் காசு

சிவரூபனுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை. கப்பலையே காலி பண்ணுகிற அந்தக் கை, வீட்டுக்கு வந்தால் பெருவிரல் நகமளவு செப்புக்காசை விளிம்பில் மட்டும் தொட்டுத் தூக்கும். ஜேர்மனி ஒரே நாடாகுமுன்னம் பிரேமன், பிராங்பேர்ட் என்று பட்டினங்களே தனி அரசாக இருந்து அடித்த சில்லறைகள் அவை. பிரேமன் காசில் பூட்டுத் திறக்கிற திறப்பு, பிராங்பேர்ட் காசில் கழுகு.

"ஒரு பட்டினம் தனக்கெண்டு காசு அடிச்சிருக்கு, பாரும் நிரோ!" என்பான். அந்த முகத்தைப் பார்க்கவே மனைவி நிரோஜினி அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். இப்படி ஆசைப்படவும் ஒரு மனசு வேணும் என்று அவளுக்குப் பெருமைதான்.

காசுத் தட்டில் ஒரேயொரு குழி வெறுமையாய்க் கிடந்தது. அதற்கான பிராங்பேர்ட் காசு, அவர்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற, கிண்ணியாவில் காசு சேர்க்கிற ஜவ்பரிடம் ஒன்று மேலதிகமாக இருந்தது. சிவரூபனின் மேலதிக பிரேமன் காசுக்கு அதை மாற்றுவதாகப் பேச்சு. அவர் வருகிற நாள் பொங்கலுக்கு முதல்நாளாய் அமைந்துவிட்டது.

நிரோஜினி குத்துவிளக்குக்குப் புளி போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு கோப்பையில் ஜவ்பருக்கென்று எடுத்துவைத்த பிரேமன் காசு. தட்டைத் தொடக்கூடாது என்பது சிவரூபனின் சட்டம். கோப்பையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் போகிற பொருள் பளிச்சென்று போகட்டுமே என்று அதையும் சேர்த்துத் தேய்த்தாள். புதுக்காசு மாதிரி மினுங்கியது.

வேலை முடிந்து வந்த சிவரூபன் அதைப் பார்த்ததும் கதிரையில் இருந்துவிட்டான்.

"பழங்காசுக்கு அந்த மண்ணிறம்தான் தோல், நிரோ. உரிச்சால் காசு சேர்க்கிற ஆக்கள் தொடமாட்டினம்."

ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அதற்குள் ஜவ்பரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அவள் குசினி அடுப்படிக்கு ஒதுங்கினாள்.

காசைக் கையில் எடுத்த ஜவ்பரின் முகம் மாறியது.

"ஆர் இதைக் கழுவினது?"

"நான்தான், நானா," என்றான் சிவரூபன்.

ஜவ்பர் வெளியே எடுத்த பிராங்பேர்ட் காசைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார். "குறை நினைக்காதீங்க ரூபன். காசைக் கழுவுற ஆள்ட கையில இதைத் தர எனக்கு மனசு வரல்ல."

எத்தனை வருசம் தேடிய காசு! நிரோஜினி புளிக்கையோடு வெளியே வந்தாள்.

"நானா, அவர் கழுவேல்லை. நான்தான் விளக்கோட சேர்த்துப் புளி போட்டனான்."

ஜவ்பர் அவள் கையைப் பார்த்தார், பிறகு அவனை. "ஏன் பொய் சொன்னீங்க?"

"நாளைக்குப் பொங்கல். அவவைப் பற்றி ஆரும் குறையாக் கதைக்கக் கூடாது."

ஜவ்பர் சிரித்தார். "இந்தாங்க. தங்கச்சி, இதுக்குக் கிட்டப் புளி வரக்கூடாது." கழுகு மேசைக்கு வந்தது. கழுவிய காசை அவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்து, சிவரூபன் தட்டிலிருந்த மண்ணிற பிரேமன் காசைக் கிளப்பி அவரிடம் கொடுத்தான்.

அவர் போனபின் கழுகை அதன் குழியில் வைத்தான்; பிரேமன் காசு கிளம்பிய குழியில் மினுங்குகிற காசை வைத்தான்.

"அதையோ வைக்கிறீங்கள்?" என்றாள் நிரோஜினி. "பாக்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். ஆர் கழுவினதெண்டு கேட்டால், நான்தான் எண்டுவன்."

அவள் சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்தாள். "கேட்டால் என்னைக் கூப்பிடுங்கோ," என்றாள்.