முடிச்சு உட்காராத கழுத்து

குழந்தைகளுக்கு முடி வெட்டுவதில் அந்த சலூன்காரரை அடிச்சுக்க ஆளில்லை. எப்பேர்ப்பட்ட வாண்டும் அவருடைய நாற்காலியில் ஏறினால் பெட்டிப் பாம்புதான். காதோரம் விரலில் ஏதாவது தட்டுப்பட்டால், "நெறி கட்டியிருக்கும்மா. சளி பிடிச்சா, தலையில புண்ணு வந்தா இப்படித்தான். அழுத்தினா நழுவுது பாருங்க. தானா கரைஞ்சிடும்" என்பார். கரைந்தும் விடும். தாய்மார்கள் புகழ்ந்து புகழ்ந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே நினைப்பு.

மழைக்காலத்தில் ஒரு நாள் மூன்று வயது மகளைக் குளிப்பாட்டும்போது மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க பாருங்களேன். தோள் எலும்புக்கு மேல, கழுத்தடியில கட்டி மாதிரி இருக்கு."

போகிற போக்கில் தொட்டுப் பார்த்தார். "நெறிதான்."

"நழுவலையே. அழுத்தினாலும் வலிக்கலைங்கறா."

"வலிக்கலைன்னா நல்லதுதானே?"

சில வாரம் கழித்து மறுபடி ஆரம்பித்தாள். பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்கும்போது தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது, டாக்டரிடம் காட்டலாமே என்றாள். வந்ததே கோபம்! "விடிஞ்சா பொழுது போனா கழுத்துங்களோட மல்லுக்கட்டுறவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா?" அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பாவி மனுஷன்! அவர் பார்த்த கழுத்தெல்லாம் துணி கட்டுகிற இடத்தோடு முடிந்துபோகும். அதற்குக் கீழே அவர் விரல் போனதே இல்லை.

மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தபிறகு ஒரு நாள் மகளுக்கு முடி வெட்டக் கடைக்குத் தூக்கிப் போனார். கை கனக்கவேயில்லை. துணியைக் கட்டினால் முடிச்சு உட்காரவில்லை. கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, கல்லாகக் கிடந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா நிதானமாகத் தடவிப் பார்த்தார். "தாடைக்குக் கீழ, காதுக்குப் பின்னாடி சின்னதா நழுவுற மாதிரி வந்தா பெரும்பாலும் பயமில்ல. இந்த எலும்புக்கு மேல வந்தா, சின்னதா இருந்தாலும் உடனே காட்டணும். நாளைக்கே கொஞ்சம் சதை எடுத்து, கேன்சரான்னு பரிசோதனை செய்யணும். எப்பலேர்ந்து இருக்கு?"

"இப்பதான் டாக்டர்... ரெண்டு மூணு நாளா" என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் கண் டாக்டரைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தது. குழந்தை உயிர் ஊசலாடுகிற இடத்தில்கூட இவள் எனக்குப் பயந்து பொய் சொல்கிறாளே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல டாக்டர். மழைக்காலத்துலயே சொன்னா. நான்தான் அவ வாயை அடைச்சேன்."

"அப்பவே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

அதுவரை தன்னை அடக்கி வைத்திருந்த மனைவி உடைந்து அழுதாள். "இவர் கத்தினா கத்திட்டுப் போகட்டும்னு நான் தூக்கிட்டு வந்திருக்கணும் டாக்டர். என் புள்ளையைவிட இவர் கத்தலா பெருசு?"

அவர் மகளின் சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். கழுத்துப் பொத்தான் கட்டியில் இடித்து நின்றது.