கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கடன்

வீரையன் வாங்கியது நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. கடன் சீட்டில் இருந்தது இருநூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. கைநாட்டு வைத்த வருசம் அவனுக்கு எழுத்து தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் விவசாயக் கூலிகள் சங்கக் கொட்டகையில் எழுத்துக் கூட்டப் படித்த பிறகுதான், நாற்பத்தேழுக்கு முன்னால் ஒரு இரண்டு வந்து குந்தியிருப்பது தெரிந்தது.

ஆடு விற்ற பணத்தோடு இரண்டு தடவை போனான். மிராசுதார் வைத்தியலிங்கம் வாங்கவில்லை.

"முழுசா கொண்டா. இல்லேன்னா மனையை எழுதிக் குடு."

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம். திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. அங்கே கடனைக் காட்டி மனையை மடக்கப் பார்த்தார் மிராசுதார். அவருக்கு ஒரே பயம், சங்கத்து ஆட்கள் சீட்டைப் பிடுங்கிக் கிழித்துவிட்டால்?

வீரையனுக்கு வாய்க்கால் ஆபீசில் தினக்கூலி. மருந்து பூசிய தாள்மேல் வரைபடத்தை வைத்து, கண்ணாடி போட்டு, வெயிலில் காட்டி நீலப்படம் எடுக்கிற வேலை. மிஞ்சின மருந்தைப் பழைய வேட்டித் துணியில் பூசி, நெற்கதிரையும் வேப்பிலையையும் வைத்து எடுப்பான். தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலம், மறைந்த இடம் வெள்ளை. அப்படியொரு துணி கொடியில் காய்ந்ததை மிராசுதார் பார்த்துவிட்டார்.

"காமிரா இல்லாம போட்டாவாடா?"

"வெயிலே போதுங்க."

"துணின்னா கிழிக்க முடியாது. என் சீட்டை அதுல எடு. கூலியைக் கடன்ல கழிச்சுக்கறேன்."

"எந்தக் கடன்லங்க? நாப்பத்தேழுலயா, எரநூத்தி நாப்பத்தேழுலயா?"

"வாய் நீளுது. குடிசையைப் பிரிக்கச் சொல்லட்டுமா?"

தன் மனையைப் பிடுங்கத் தானே மருந்து கலக்கினான் வீரையன்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில். சீட்டை மாற்றிவிடுவான் என்று சந்தேகப்பட்ட மிராசுதார், இருட்டறையிலேயே நாலு மூலையிலும் அதைத் துணியோடு சேர்த்துத் தைத்து, முடிச்சுக்கு அரக்கும் வைத்தார். வெயிலில் காட்டினார்கள்.

"இனி சீட்டைப் பிரிச்சிட்டு, துணியை மட்டும் அலசணுங்க."

"பிரிக்கிற சாக்குல மாத்தலாம்னு பாக்கிறியா? சேத்தே அலசு."

"ஐயா, காப்பி பென்சில்ல எழுதுனது. தண்ணி பட்டா மையாக் கரையுங்க."

"எழுதினவன் நான். எனக்கு நீ பாடம் சொல்றியா? கொண்டா இங்க!"

அவரே தொட்டியில் முக்கினார். தண்ணீர் பட்டதும் எழுத்தெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் ஊறிப் பரவியது. பதறிப்போய்த் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சீட்டு கூழாகி, துணியில் எழுத்திருந்த இடமெல்லாம் ஊதா அப்பியது. அடியில் மை தடவி வைத்த கைநாட்டு மட்டும், நீலத்துக்கு நடுவே வெள்ளையாகத் தெளிந்து நின்றது.

திங்கட்கிழமை தாசில்தார் துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"கடன் சீட்டுங்க. எரநூத்தி நாப்பத்தேழரை."

"ஒரு கட்டைவிரல் தெரியுது. கடன் எங்க இருக்கு?"

மிராசுதார் ஊதாவில் விரலால் தேடினார். தாசில்தார் வீரையன் பக்கம் திரும்பினார்.

"நீ எவ்வளவுப்பா வாங்கினே?"

"ஒண்ணுமில்லேன்னு சொல்லுய்யா" என்று பின்னாலிருந்து சங்கத்துக் கலியபெருமாள் இடித்தார்.

"நாப்பத்தேழு ரூவா அம்பது காசுங்க" என்று மடியை அவிழ்த்து மேசைமேல் எண்ணி வைத்தான் வீரையன்.

"வாங்கிக்குங்க. மனைக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை. மனை அவனுக்குத்தான்" என்றார் தாசில்தார்.

"ரசீது குடுங்கய்யா" என்றான் வீரையன். "பேனாவுல."

மிராசுதார் தாசில்தாரின் பேனாவைக் கடன் வாங்கி எழுதினார். வீரையன் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான். நாற்பத்தேழுக்கு முன்னால் யாரும் குந்தியிருக்கவில்லை.