ஈரம் காயாத படம்

படத்தில் இருந்த பெண் இறங்கி வந்து லாண்டரி அக்காவின் வீட்டுக்காரருக்குக் கட்டு மாற்றத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மெஷினில் இரண்டாவது லோடு ஓடிக்கொண்டிருந்தபோது. தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் தண்ணீர் லாரி வராததுதான் பெரிய பேச்சாக இருந்தது.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதியில் வலது பாதத்தில் வந்த புண் ஆறுவேனா என்று அடம் பிடித்தது. மழைக்காலத்துக்குள் ஆறாவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பிரேக் மிதிக்கிற கால் ஐயா அது! மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா, டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடந்த ஆயில் பெயின்டிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவன் அவளைவிட வயதில் சின்னவன். பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைன் வாடை எந்நேரமும் அடித்ததால் அதுவே பேர் ஆகிப்போனவன்.

அவன் எல்லோரையும் ஒரே படத்தைப் பார்த்து வரைய வைத்தான். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்துச் சர்ச் படம். சுற்றிலும் கும்மிருட்டு, ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அம்பு பட்டுச் சாய்ந்து கிடக்கும் புனிதர், குனிந்து நின்று அவர் காயத்தைத் துடைக்கும் ஒரு பெண். அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து தண்ணியாக இருக்கணும், மேலே போகப் போகத்தான் எண்ணெய் கூடணும், இல்லாட்டி காயாது என்று அவன் தொண்டை வற்றச் சொன்னான். அக்காவின் கையோ, ஊற வைக்கும்போது சோப்பைத் தாராளமாகப் போட்டு, கடைசி அலசலை வெறும் தண்ணீரில் முடித்துப் பழகிய கை. ஆளிவிதை எண்ணெயை அடிப்பூச்சிலேயே கொட்டித் தீர்த்தாள். மற்றவர்கள் படமெல்லாம் காய்ந்து சட்டம் போட்டாயிற்று. இவளுடையது தொட்டால் விரலில் ஒட்டியது. “இது இந்த ஜென்மத்துல காயாதுக்கா,” என்று டர்பன்டைன் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா அதை வீட்டுக்குத் தூக்கி வந்து மெஷின் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

காயாததால்தான் அந்தப் பெண்ணால் நகர முடிந்தது. மெஷின் குழாயைத் தாண்டி வந்தாள், பழைய கட்டைப் பிரித்தாள், துடைத்தாள், புதுசாகக் கட்டினாள், திரும்பிப் போய் நின்றுகொண்டாள். தரையெல்லாம் பழுப்புச் சாயம். அக்கா முதலில் முறைத்தாள், பிறகு அழுதாள், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது என்பது அப்புறம்தான் உறைத்தது. தினமும் மதியம் அவள் வந்தாள். அவள் வெளியே இருந்த நேரம் படத்தில் புனிதர் பொறுமையாகக் காத்துக் கிடந்தார். வீட்டுக்காரருக்கு அதுவே கூச்சமாகி, முதலில் அவரைப் பாரும்மா என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சிப் பார்த்தார்.

வெயிலில் வைத்தால் ஒருவேளை காயும் என்று டர்பன்டைன் யோசனை சொல்லியனுப்பினான். காய்ந்துவிட்டால் அவள் எப்படி இறங்கி வருவாள் என்று நினைத்தாள் அக்கா. படத்தைத் தூக்கி, வெளிச்சமோ காற்றோ எட்டாத பின்னறையில் சாய்த்தாள். வீட்டுக்காரரின் கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டாள். முதல் மழை விழுந்த வாரம் புண் மூடிக்கொண்டது. டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டியது யார், கை சுத்தமான கை என்றார். எண்ணெய் வாடையைப் பற்றிக் கேட்கவில்லை.

டிப்போவுக்குத் திரும்பப் போக வேண்டிய நாள், சட்டைப் பித்தானைப் போட்டபடி வீட்டுக்காரர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். 

“ஏம்மா, எத்தனை காலமா நின்னுக்கிட்டே இருக்கா இவ. உட்கார ஒரு ஸ்டூலாவது போட்டுக் கொடேன்,” என்றார்.

அக்கா அன்றைக்கே படத்தில் ஒரு ஸ்டூலை வரைந்து போட்டாள், இந்தத் தடவை அடிப்பூச்சைத் தண்ணியாக வைத்து முறைப்படி. மறுநாள் காலை அந்தப் பெண் அதில் உட்கார்ந்திருந்தாள், கை மட்டும் புனிதரின் காயத்தின் மேலேயே இருந்தது. டர்பன்டைன் வந்து பார்த்தான், கழுத்தைச் சாய்த்து யோசித்தான், ஸ்டூலின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருக்கு என்றான். அக்கா பிரஷ்ஷை எடுத்துத் திருத்தினாள். உட்கார்ந்திருந்தவள் அதற்குத் தோதாகப் பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தாள்.