கேப்டன் கைதட்டிய படம்

"யாரைக் கேட்டும்மா அந்த ஆளைக் கூப்பிட்டே?" என்று மகள் லிகாயா கத்த, "கத்தாதேடி, அவர் காதுல விழுந்துடப் போகுது!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்திவிட்டுத்தான் கிரிசாந்தா தியேட்டருக்குள் போய் உட்கார்ந்தாள், பக்கத்தில் கேப்டன் ஹொனொராத்தோ, பேட்டைத் தலைவர், அடுத்த மாதம் லிகாயாவின் கல்யாணத்தில் ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர்... பெரிய மனிதர் நின்றால்தானே மாப்பிள்ளைக்கு நகராட்சியில் ஒரு நாற்காலி கிடைக்கும், கெஸோன் சிட்டியில் எல்லாரும் செய்வதுதானே, மாப்பிள்ளை நடித்த படம் என்று பெருமையாக அழைத்து வந்தாயிற்று, என்ன படம் என்று கேட்டாளா? கேட்கவில்லையே. திரையில் மாப்பிள்ளை டெல்ஃபின்தான் சர்வாதிகாரியின் செல்லப்பிள்ளை, முப்பது வயதுக் கழுதைக்கு ஒரு ஜெனரல் மண்டியிட்டு ஷூ நாடா கட்டுகிறார், இன்னொருவர் மாம்பழம் சீவி ஊட்டுகிறார்... மாதாவே, பழைய அதிபர் குடும்பத்தையே கிண்டல் பண்ணுகிற படமா இது, அந்த அதிபரின் புகைப்படத்தை இன்னும் வரவேற்பறையில் மாட்டி மாலை போடுகிற மனிதரையா இங்கே கொண்டுவந்து வைத்தேன், தியேட்டரே சிரித்து உருளுகிறது, எனக்கும் சிரிப்பு வருகிறதே, சிரித்தால் நாற்காலி போச்சு, கைக்குட்டையை வாயில் அடைத்து இருமு கிரிசாந்தா, இருமு... இவர் முகம் ஏன் கல்லாக இருக்கிறது?

திரையில் அரண்மனை மாடத்தில் நின்று வாரிசு கை விரிக்கிறான், "நான் ஏழையாப் பொறந்திருந்தாலும் இதே அரண்மனையிலதான் ஏழையா இருந்திருப்பேன்!" கூட்டம் வெடித்தது, கேப்டன் எழுந்தார், தொலைந்தது கல்யாணம் என்று அவள் கண்ணை மூட, படபடவென்று கைதட்டல். "என்ன பணிவு பாத்தியா, கிரிசாந்தா! இந்த மாதிரி மரியாதையான படம் இப்ப எவன் எடுக்கறான்?" கேப்டன் கண்ணில் நீர். "பெரியவரே, உக்காருங்க, மறைக்குது" என்று பின்வரிசையில் ஒருவன். "ஆமா கேப்டன், ரொம்பப் பணிவு" என்றாள், நாற்காலி தப்பித்தது, அவ்வளவுதானே வேண்டும்... வெளியே கேப்டன் டெல்ஃபினைக் கட்டிக்கொண்டு "தம்பி, உன் வேலைக்கு நான் ஆச்சு" என்றபோது அவன் முகம் சுருங்கிய சுருக்கம்! அவர் நகர்ந்ததும், "அத்தை, திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். இவரு ஞானத்தகப்பனா நின்னா நான் மாப்பிள்ளையா நிக்க மாட்டேன்."

ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டுகிற லிகாயாவின் மாமன் ஞானத்தகப்பனாக நின்றார், கேப்டன் அழையாமலே வந்து பன்றி வறுவலில் மொறுமொறு தோலைக் கேட்டு வாங்கித் தின்றார், கல்யாணம் முடிந்து பிள்ளைகள் தூரத்துத் தாவோ நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். கிரிசாந்தாவுக்குத்தான் துணி காயப்போடும்போதெல்லாம் அந்தத் தியேட்டர் இருட்டு வந்து நிற்கிறது... அன்று எல்லாரும் சிரிக்க, கை தட்டியது இரண்டே பேர், ஒருவர் கேப்டன், இன்னொன்று வளையல் போட்ட கை, அவளுடையதுதான், பயந்துதான் தட்டினாள், பயந்துதானே? இல்லை, திரையில் அந்த வாரிசு கை விரித்து நின்ற அழகுக்கா...